பந்தியும் பங்கத்தும்

சென்ற இதழில் மராட்டிய நாட்டு நாந்தேட், பஞ்சாபின் அமிர்தசரஸ் போய்வந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுவதும் சீக்கியத் திருத்தலங்களைப் பற்றிய கேள்விகளுக்கே. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பாலக்கோட்டைச் சேர்ந்தவள். யாத்திரைக் குழுக்களோடு 22 ஆண்டுகள் சமையல்காரியாகப் போய்வந்தவள். காசி, கயா, துவாரகை, பூரி என்று போன இடமெல்லாம் அடுப்பையும் ஆண்டாவையும் ஏற்றிக்கொண்டுதான் போனேன். எந்தத் தலத்தைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு முதலில் அங்கே சாப்பாடு போட்ட கைதான் நினைவுக்கு வரும். பதில்களும் அப்படியே இருக்கும்.

கேள்வி: நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். சீக்கியர் கோயிலுக்குள் எங்களை விடுவார்களா? சாதி, மதம் கேட்பார்களா? கேட்டால் என்ன சொல்வது?
– வாசகர், ஊத்தங்கரை

கேட்க மாட்டார்கள் ஐயா. நான் போன எந்தக் குருத்வாராவிலும் யாரும் என்னிடம் ஊர் எது என்றுகூடக் கேட்டதில்லை. தலையை மூடியிருக்கிறோமா, காலைக் கழுவினோமா, இவ்வளவுதான் பார்க்கிறார்கள்.

அமிர்தசரஸ் பொற்கோயிலை அவர்கள் ஹர்மந்திர் சாஹிப் என்று சொல்கிறார்கள். ஐந்தாம் குருவான குரு அர்ஜன் கட்டுவித்தது. அதற்கு நான்கு பக்கமும் நான்கு வாசல். எந்தத் திசையிலிருந்து வருகிறவனும் வரலாம் என்பதற்காக வைத்த வாசல்கள் அவை. அடிக்கல்லை நாட்டியவர் லாகூரைச் சேர்ந்த மியான் மீர் என்ற முஸ்லிம் பெரியவர் என்பது அவர்கள் மரபு. 1604-இல் அதற்குள் கொண்டுபோய் வைத்த சீக்கியப் புனித நூலில் குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளி கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், தையல்காரர் நாமதேவர், நாவிதர் சேனர், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். திருக்குறிப்புத் தொண்டரையும் திருநாளைப்போவாரையும் கண்ணப்பரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கும்பிடுகிற நமக்கு இது புரியாத செய்தி அல்ல. ஆனால் நம் கோயில்களில் அந்த அறுபத்து மூவர் பிராகாரத்தில் நிற்கிறார்கள். அங்கே ரவிதாசரின் பாட்டு நடு மண்டபத்தில், பட்டு விரிப்பின் மேல், சாமரம் வீசப்படும் நூலுக்குள் இருக்கிறது. அந்த நூலைத்தான் அவர்கள் குருவாக வணங்குகிறார்கள்.

இனி என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கேள்வி என்னைத் தொட்டுவிட்டது. என் பாட்டி ஊர்க் கல்யாணங்களுக்கு நெல் குத்தப் போவாள். மூன்று நாள் குத்துவாள். கல்யாணத்தன்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கொல்லைப்புறத்தில் இலையில் சோற்றைப் போட்டுக் கொடுப்பார்கள். பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை அவள். நான் முதன்முதலில் ஒரு சமையல் குழுவில் சேர்ந்த காலத்தில், ஒரு பெரிய வீட்டு விசேஷத்தில், காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், அடுப்பங்கரைக்குள் மட்டும் காலெடுத்து வைக்கக்கூடாது என்று என்னிடம் சொன்னார்கள். சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெளியில் நின்று பூசணிக்காய் நறுக்கினேன்.

2003-இல் முதல் தடவையாக அமிர்தசரஸ் போனபோது, அந்தப் பழக்கம் காலோடு வந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் நான் நேராக வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். நீலத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் கையைக் காட்டி, உட்காரம்மா என்பது போலத் தலையை அசைத்தார். உட்கார்ந்தேன். நான் கடைசி என்று நினைத்த இடத்துக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். என் இடது பக்கம் இரண்டு கையிலும் தங்க வளையல் போட்ட ஓர் அம்மாள். வலது பக்கம் ரிக்‌ஷா மிதிக்கிறவர், கைலி முழுக்க எண்ணெய்க் கறை. மூன்று பேருக்கும் ஒரே தட்டு, ஒரே வாளியிலிருந்து பருப்பு. சாப்பிட்டு முடிந்ததும் அந்த வளையல்காரம்மாள் எழுந்து நேராகப் பாத்திரம் துலக்கும் தொட்டிக்குப் போனார். என் தட்டையும் அவர்தான் வாங்கிக்கொண்டார். நான் பாட்டியை நினைத்துக்கொண்டு அந்தக் குளக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரிசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பங்கத். நம் பந்தியும் அவர்களுடைய பங்கத்தும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. மூன்றாம் குருவான குரு அமர்தாஸ் பியாஸ் ஆற்றங்கரையில் கோயிந்த்வால் என்ற ஊரில் இருந்தபோது, முதலில் பங்கத்தில் உட்கார், பிறகு என்னைப் பார் என்று விதி வைத்தார். அக்பர் பாதுஷா பார்க்க வந்தபோதும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே உள்ளே போனார் என்று சொல்கிறார்கள்.

பஞ்சாபில் சாதியே கிடையாது என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். சாதிக்கொரு குருத்வாரா கட்டிக்கொண்ட கிராமங்கள் அங்கே உண்டு. குருமார்கள் வைத்த விதியை மனிதர்கள் மீறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பெரிய கூடத்தில் ஒவ்வொரு பந்தியிலும் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு 64 வயது, மனைவிக்கு 60. பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்க முடியும். எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?
– ஓய்வுபெற்ற ஊழியர், தருமபுரி

உங்கள் ஊர்ப் புறவழிச் சாலையில் நிற்கும் லாரிகளைப் பாருங்கள். பி.பி. என்று தொடங்கும் எண்பலகை கண்ணில் பட்டால், அது பஞ்சாபிலிருந்து வந்த வண்டி. அந்த வண்டி வந்த 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஜலந்தர், லூதியானா, சிர்ஹிந்து, பானிப்பட்டு, தில்லி எல்லாம் தொட்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகக் கன்னியாகுமரி போகிறது. நம் வாசலில் ஓடும் சாலையின் மறுமுனையில் இருக்கிற நாடு அது. தூர தேசம் என்று மலைக்க வேண்டாம்.

நான் சொல்லும் வழி இது. முதலில் பெங்களூர். அல்சூர் ஏரிக்கரையில் ஒரு பெரிய குருத்வாரா இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எப்படி வணங்குவது, எப்படி வாங்கிச் சாப்பிடுவது என்ற கூச்சமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு பெங்களூரிலிருந்து ரயிலில் வட கர்நாடகத்து பிதர். அங்கே ஒரு நாள். பிதரிலிருந்து நாந்தேட், அங்கே இரண்டு நாள். நாந்தேட்டிலிருந்து அமிர்தசரசுக்கு நேராக சச்கண்ட் எக்ஸ்பிரஸ். அமிர்தசரசில் மூன்று நாள் தங்குங்கள், குறைக்காதீர்கள். பிறகு ஆனந்த்பூர் சாஹிப், அங்கிருந்து ஃபதேகட் சாஹிப், கடைசியில் தில்லி. தில்லியில் சாந்தினி சௌக்கில் இருக்கும் சீஸ் கஞ்ச் குருத்வாராவைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். 1675-இல் ஒன்பதாம் குரு தேக் பகதூரின் தலையைக் கொய்த இடம் அது. காஷ்மீரத்துப் பண்டிதர்கள் தங்கள் நெற்றித் திலகத்தைக் காப்பாற்றச் சொல்லி அவரிடம் முறையிட்டார்கள். தம் மதம் அல்லாத மதத்துக்காகத் தலையைக் கொடுத்தவர் அவர்.

மாதம் என்றால் பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இறங்கி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மே, ஜூனில் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கொடியது.

சச்கண்ட் எக்ஸ்பிரஸைப் பற்றித் தனியாக ஒன்று. ஓர் இரவு, இரண்டு பகல் ஓடுகிற வண்டி. ஒரு தூக்குப் பாத்திரம் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் மராட்டிய நாட்டு நிலையங்களிலும் போபால் போன்ற ஊர்களிலும் சேவைக்காரர்கள் வாளிகளோடு நடைமேடையில் காத்திருப்பார்கள். வண்டி நின்றதும் ஜன்னல் வழியாகவே பாத்திரத்தை நீட்டலாம். சோறு, பருப்பு, கடலைக் குழம்பு, ஏதோ ஒரு காய். காசு கிடையாது. முதல் தடவை போனபோது என்னிடம் தூக்கு இல்லை. தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். அந்தப் பையன் சொம்பின் வாய்க்கு ஏற்றபடி கரண்டியைச் சாய்த்து, ஒரு பருக்கை கீழே சிந்தாமல் ஊற்றினான். வண்டி நகரத் தொடங்கிவிட்டது, அவன் கூடவே ஓடிவந்து ஊற்றினான்.

கேள்வி: பிதரில் ஓர் ஊற்று இருக்கிறதாமே. நம் தீர்த்தமலை போலவா?
– வாசகி, அரூர்

தீர்த்தமலையில் பாறை இடுக்கிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தைத் தலையில் வாங்கியவர்களுக்கு பிதர் புதிதாகவே இருக்காது அம்மா. அங்கேயும் மலையடிவாரம்தான். செம்புரைக் கல் மலை. குரு நானக் தம்முடைய தென்னாட்டுப் பயணத்தில் அங்கே வந்து தங்கியபோது, ஊரில் உப்புத் தண்ணீர் தவிர வேறு கிடையாதாம். மக்கள் வந்து அழுதார்கள். அவர் காலால் ஒரு கல்லை நகர்த்த, அடியிலிருந்து நல்ல தண்ணீர் பொங்கியது என்பது அவர்கள் மரபு. ஜீரா என்றாலே ஊற்று என்று பொருள். குரு நானக் ஜீரா சாஹிப் என்பது அந்தத் தலத்தின் பெயர். குடித்துப் பார்த்தேன், இனிப்பாகவே இருக்கிறது. ஒரு பாட்டிலில் பிடித்து வந்து என் மருமகளுக்குக் கொடுத்தேன்.

பிதருக்கு இன்னொரு பெருமை உண்டு. 1699 வைசாகித் திருநாளில் ஆனந்த்பூரில் பத்தாம் குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு மக்கள் முன் நின்று, எனக்கு ஒரு தலை வேண்டும், யார் தருகிறீர்கள் என்று கேட்டார். கூட்டம் உறைந்துபோயிற்று. ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். இப்படி ஐந்து பேர். ஐந்தாவதாக எழுந்த சாஹிப் சந்த் பிதரைச் சேர்ந்தவர், நாவிதர். மற்ற நால்வர் லாகூர், ஹஸ்தினாபுரம், பூரி, துவாரகை. இவர்களைப் பஞ்ச பியாரே என்கிறார்கள், அன்புக்குரிய ஐவர். குரு இரும்புக் கிண்ணத்துத் தண்ணீரில் சர்க்கரை வில்லைகளைப் போட்டு வாளால் கலக்கி அந்த ஐவருக்கும் கொடுத்தார். பிறகு அவர்கள் முன்னால் தாமே கைகூப்பி நின்று, எனக்கும் கொடுங்கள் என்று வாங்கிக் குடித்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம் பக்கம் பழமொழி சொல்வார்கள். பிதரிலிருந்து போன அந்த நாவிதர் படைக்கு முந்தினார்.

கேள்வி: அமிர்தசரஸ் தெரியும். நாந்தேட் என்ன அத்தனை பெரிய தலமா?
– வாசகர், பென்னாகரம்

சீக்கியர்களுக்குத் தக்த் எனப்படும் அரியணைத் தலங்கள் ஐந்து. அமிர்தசரசின் அகால் தக்த், ஆனந்த்பூரின் கேஸ்கட் சாஹிப், தல்வண்டி சாபோவின் தம்தமா சாஹிப், பாட்னா சாஹிப், நாந்தேட்டின் ஹசூர் சாஹிப். பாட்னாவில் 1666-இல் பிறந்த குரு கோவிந்த் சிங், 1708-இல் நாந்தேட்டில் கோதாவரிக் கரையில் உயிர் நீத்தார். காசி, கயா போகிற குழுக்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: கயாவிலிருந்து பாட்னா ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். பிண்டம் வைத்துவிட்டு அவசரமாகத் திரும்பாமல் ஒரு நாள் கூட்டிக்கொண்டால் பாட்னா சாஹிபையும் பார்த்துவிடலாம்.

நாந்தேட்டில்தான் குரு கோவிந்த் சிங் இனி மனித குரு கிடையாது, நூலே குரு என்று அறிவித்தார். அவருக்கு நான்கு பிள்ளைகள். நால்வரும் அதற்கு முன்பே பலியாகிவிட்டார்கள். அப்படிப்பட்ட தகப்பன் அந்த ஆற்றங்கரையில் ஒரு புத்தகத்தின் முன்னால் தலைவணங்கினார் என்பதை நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள். இப்போதிருக்கும் கோயில் மகாராஜா ரஞ்சித் சிங் 1832-க்கும் 1837-க்கும் இடையில் கட்டுவித்தது. குரு கோவிந்த் சிங்கின் உடல் எரிந்த இடத்தின் மேல் உள்ளறை இருக்கிறது. அவருடைய ஆயுதங்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

என் மனத்தில் நிற்பது விடியற்காலைக் காட்சி. தினமும் கோதாவரியிலிருந்து ஒரு சேவைக்காரர் குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறார், கோயிலின் உள்ளே கழுவுவதற்காக. மழையானாலும் குளிரானாலும் அது நிற்பதில்லை. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லிலிருந்து தீர்த்தக்குடம் தூக்கிப் பழகிய பென்னாகரத்துக்காரர் நீங்கள். ஈரக்குடம் தோளில் எப்படி வழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மாலையில் தட்டில் விளக்கேற்றி ஆரத்தி காட்டுகிறார்கள். பஞ்சாபின் குருத்வாராக்களில் இந்த வழக்கத்தைப் பார்க்க முடியாது; அங்கே ஆரத்தியைப் பாட்டாகப் பாடுவதோடு சரி.

கேள்வி: என்ன உடுத்த வேண்டும்? எதெல்லாம் கூடாது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

சேலை போதும், முந்தானையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். ஆண்கள் துண்டையோ பெரிய கைக்குட்டையையோ கட்டிக்கொள்ளலாம், தொப்பி வேண்டாம். வாசலிலேயே துணி வைத்திருப்பார்கள். பீடி, சிகரெட், புகையிலை, மூக்குப்பொடி எதுவும் பையில்கூட இருக்கக்கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் நம் பெரியவர்கள் இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம், நான்கு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு முதுகைக் காட்டியோ காலை நீட்டியோ உட்காராதீர்கள். உள்ளே படம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள்? சமையல்காரியின் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.
– வாசகர், ஓசூர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா.

அமிர்தசரசில் சாதாரண நாளிலேயே 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள். விசேஷ நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டும். இரவும் பகலும் அடுப்பு எரிகிறது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பை நாம் அணையா அடுப்பு என்கிறோமே, அதன் உறவு இது. நான் அதிகம் சமைத்தது 600 பேருக்கு. ஆகையால் அங்கே இருந்த கடாய்களைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஒரு கடாய்க்குள் நாலைந்து பேர் இறங்கி உட்காரலாம். துடுப்பு போன்ற கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, மேடை மேல் நின்று கிண்டுகிறார்கள். பருப்பு அடிப்பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் கரண்டி அடியைத் தொட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அங்கே கிண்டியவருக்கு வயது எழுபது இருக்கும். கரண்டி ஒரு தடவைகூட மேலெழவில்லை.

ரொட்டிக்கு எந்திரம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன். யாரும் யார் நீ என்று கேட்கவில்லை, ஒரு குழவியை நகர்த்திக் கொடுத்தார்கள். என் ரொட்டி வட்டமாக வந்ததைப் பார்த்து எதிரில் இருந்த கிழவி தலையாட்டினாள். பிறகு பூண்டு உரிக்கப் போனேன். மலை போல் குவித்திருந்தார்கள். பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மற்றபடி எல்லாம் சைவம்.

சமையல்காரியாக எனக்குப் பெரிய ஆச்சரியம் உப்பு. எங்கள் குழுவில் குழம்பு இறக்குவதற்கு முன் ஒருவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சொல்வார், பிறகே இறக்குவோம். அங்கே இறைவனுக்கு ஒப்புவிக்கும் முன் யாரும் வாயில் வைப்பதில்லை. நம் மடப்பள்ளிகளில் இருக்கும் அதே கட்டுப்பாடு. அத்தனை பெரிய கடாய்க்கு, கைப்பிடிக் கணக்கில் உப்பைப் போடுகிறார்கள். மூன்று நாளும் ஒரு வேளைகூட உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கைக்கு நான் வணக்கம் சொல்கிறேன்.

கடாஹ் பிரசாதம் என்று ஒன்று தருவார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம எடை. நெய்யில் மாவைக் கொட்டி, புளியங்கொட்டை நிறம் வரும்வரை கைவிடாமல் வறுக்கிறார்கள். வறுக்கும்போது வாய் குருவின் பாடலைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகு கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுவார்கள். அது சீறிப் பொங்கி அடங்கி, நெய் விளிம்பில் பிரிந்து நிற்கும்போது பதம். பிரார்த்தனை முடிந்ததும் கிர்பான் என்ற குறுவாளால் அதைத் தொட்டுவிட்டு எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். சூடாக இருக்கும், நெய் மணிக்கட்டு வரை வழியும். அதைத் துணியில் துடைக்க மாட்டார்கள், கைகளிலேயே தேய்த்துக்கொள்வார்கள். ஊர் திரும்பி வீட்டில் ஐந்தாறு தடவை செய்து பார்த்தேன். மணம் வந்தது. அந்த ருசி வரவில்லை.

கேள்வி: பேரன்களுக்கு வயது ஒன்பது, ஏழு. ஃபதேகட் சாஹிபுக்கு அவர்களைக் கூட்டிப் போகலாமா? அங்கே நடந்தது கொடூரம் என்கிறார்களே.
– பாட்டி, பர்கூர்

குரு கோவிந்த் சிங்கின் கடைசி இரண்டு பிள்ளைகளும் உங்கள் பேரன்களின் வயதுதான் அம்மா. ஜோராவர் சிங்குக்கு ஒன்பது. ஃபதே சிங்குக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. ஆனந்த்பூர்க் கோட்டையை விட்டு இரவில் வெளியேறும்போது குடும்பம் சிதறிப்போனது. பிள்ளைகள் பாட்டி மாதா குஜ்ரியின் கையில். 1705 டிசம்பர்க் குளிரில், இப்போது ஃபதேகட் சாஹிப் இருக்கும் சிர்ஹிந்தில், குளிர்ந்த கோபுரம் என்றே பெயர்பெற்ற இடத்தில் மூவரையும் அடைத்தார்கள். மதம் மாறினால் விடுகிறேன் என்றான் நவாப் வசீர் கான். பிள்ளைகள் மாட்டோம் என்றார்கள். பிள்ளைகளை உயிரோடு நிறுத்தி, சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். செய்தி கேட்ட பாட்டியும் அங்கேயே உயிர் விட்டார்.

எட்டு வயதுப் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு குடும்பத்தை அங்கே பார்த்தேன். தாத்தா பேரனின் தோளில் கை வைத்துக்கொண்டு, சுவரைக் காட்டி, மெதுவாகச் சொன்னார். பையன் அழவில்லை. கேள்வி கேட்டான்: பாட்டி ஏன் கூடப் போகவில்லை? நீங்கள் கூட்டிப் போங்கள் அம்மா. சுவரைப் பற்றிக் கொஞ்சமாகவும் அந்தப் பாட்டியைப் பற்றி நிறையவும் சொல்லுங்கள். கடைசிக் காலையில் பேரன்களுக்குத் தலை வாரி அனுப்பியிருப்பாள் இல்லையா, அதைச் சொல்லுங்கள். அது ஏட்டில் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டிகள் அப்படித்தான் அனுப்புவார்கள்.

கேள்வி: ஹேம்குண்ட் சாஹிப் போக ஆசை. வயது 70, முழங்கால் வலி உண்டு.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

வேண்டாம் ஐயா. 4,000 மீட்டருக்கு மேல், இமயத்தில் பனி ஏரிக்கரையில் இருக்கிற தலம். கங்கரியாவிலிருந்து கடைசி 6 கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம், மூச்சு வாங்கும். கோடையில் சில மாதங்கள் மட்டுமே திறந்திருக்கும், மேலே இரவு தங்கவும் முடியாது. ஏறி வருகிறவர்களுக்குச் சூடான தேநீரும் கிச்சடியும் தருகிறார்கள். அதை உங்கள் மகன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லட்டும். நீங்கள் அமிர்தசரசில் குளக்கரைப் படியில் உட்காருங்கள். அங்கே தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஓரமாக இடம் செய்து தருகிறார்கள்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? அறைக்கு, சாப்பாட்டுக்கு, பூஜைக்கு எவ்வளவு எடுத்துவைப்பது?
– வாசகி, மாரண்டஅள்ளி

ரயில் டிக்கெட், பஸ், வழிச்செலவு இவைதான் செலவு. கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லாததால் அந்தப் பக்கத்தார் பெங்களூர் வரை பஸ்ஸுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். அர்ச்சனைச் சீட்டு, சிறப்பு தரிசனச் சீட்டு எதுவும் அங்கே கிடையாது. எல்லாரும் ஒரே வரிசை. சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டார்கள், செருப்பு வைக்கவும் வாங்க மாட்டார்கள். அமிர்தசரசில் ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு இலவச பஸ் உண்டு. தங்கும் விடுதிகளை சராய் என்பார்கள். கூட்ட நாளில் இடம் கிடைக்காமல் போகலாம், அப்போது வெளியில் அறை எடுக்க ஒரு தொகை கையில் இருக்கட்டும்.

உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். நான் பணம் அதிகம் போட்டதில்லை. பாலக்கோட்டிலிருந்து பத்துக் கிலோ வெல்லம் கொண்டுபோய்ச் சமையல் கிடங்கில் கொடுத்தேன். கணக்கெழுதுகிறவர் ஓர் உருண்டையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

கேள்வி: எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. தனியாகப் போய்ச் சமாளிக்க முடியுமா?
– வாசகி, மத்தூர்

எனக்கும் அப்போது தெரியாது தங்கச்சி. மூன்று சொல் கற்றுக்கொண்டேன். யாரைப் பார்த்தாலும் கைகூப்பி, சத் ஸ்ரீ அகால். ரொட்டிக்குப் பர்ஷாதா. போதும் என்பதற்கு பஸ்.

பந்தியில் உட்கார்ந்ததும் தட்டைத் தரையில் வைத்துவிடுங்கள். ரொட்டி கொண்டுவருகிறவர் தட்டில் போட மாட்டார். பர்ஷாதா ஜி என்று சொல்லிக்கொண்டே உங்கள் முன் குனிந்து நிற்பார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்துங்கள், அதில் வைப்பார். இன்னொன்று வேண்டுமானால் மறுபடி ஏந்துங்கள், எத்தனை தடவை ஏந்தினாலும் வைப்பார். போதும் என்றால் தட்டின் மேல் கையைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். வாங்கியதை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள்.